அந்நியரை உபசரிப்பது: தெரிந்தவர்களுக்குப் போடும் சோறு கணக்கில் வருமா?

11 ஜூன் 2023, ஞாயிறு, மாலை 6.10 (வாசகர் கேள்வி)

இன்று காலை எங்கள் ஆயர் எபிரெயர் 13:2-ஐ எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். ‘அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்.’ எனக்கு ஒன்று புரியவில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வந்து பாருங்கள். அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, பந்தி பந்தியாக ஜனம். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி குடிக்காமல் அனுப்புவதில்லை. இதற்கு மேல் எதை மறந்துவிட்டோம் என்று இந்தப் பிரசங்கம்? கிறிஸ்தவர்களுக்கு உபசரணையைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

11 ஜூன், இரவு 10.25

மறுக்கிறேன்.

அசனம் நானும் சாப்பிட்டவன்தான். மனைவிக்கு உங்கள் பக்கத்து நாசரேத் ஊர். அந்தக் குழம்பைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தப் பந்தியில் உட்காருகிறவர் யார்? ஊர்க்காரர், பக்கத்து ஊர்க்காரர், சென்னையிலிருந்து லீவு போட்டு வந்த ஊர்க்காரர். வீட்டில் காபி குடிப்பவர் யார்? வீட்டுக்கு வழி தெரிந்தவர். வசனம் சொல்லும் ஆள் இந்த இரண்டு இடத்திலும் இல்லை.

நான் வேலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகிற தூரம். 26 வருஷம் ஆகிறது. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், மிசோரம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். கையில் பெரிய ஃபைல், தோளில் பை, கூடவே ஒரு நோயாளி. எங்கள் தெருவில் பாதிப் பலகை வங்காள எழுத்தில்தான் இருக்கும். கடுகு எண்ணெய் கிடைக்கும். லாட்ஜில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருவார்கள்.

அதனால் ‘அந்நியர்’ எனக்கு வேதப்புத்தகத்து வார்த்தை இல்லை, காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே எதிரில் நிற்கும் ஆள். இந்த 26 வருஷத்தில் அவர்களில் எத்தனை பேரை உபசரித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். விரல் மிச்சமாகிறது.

12 ஜூன், காலை 7.50

‘விரல் மிச்சமாகிறது’ என்று எழுதியதைப் படித்துவிட்டு மனைவி, “பானைக் கதையை எழுதலையா?” என்றாள். எழுதாமல் தப்பிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

ஐந்தாறு வருஷம் முன்னால், ஏப்ரல் மாதம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கடை வாசலில் ஒரு மண்பானை வைத்தேன். மணல் மேல் பானை, சுற்றிலும் ஈரத்துணி, உள்ளே வெட்டிவேர், மேலே டம்ளர். நல்ல சமாரியன் கடை திறந்துவிட்டான் என்று எனக்கே ஒரு பெருமை. ஆண்கள் வந்து குடித்தார்கள். பெண்கள் குடிக்கவில்லை. கூப்பிட்டு நீட்டினாலும் கையை ஆட்டி வேண்டாம் என்றார்கள்.

நான் என்ன நினைத்தேன்? சுத்தம் பார்க்கிறார்கள் என்று. பிறகு, ஜாதி பார்க்கிறார்களோ என்று. பானையை எடுத்துவிட்டுக் கேன் தண்ணீர் வைத்தேன். அப்போதும் அதே கதை. பத்து நாள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். ‘கொடுக்கிறவனுக்கு மரியாதை இல்லை’ என்று சபையில் ஒருவரிடம் சொல்லியும் விட்டேன்.

மனைவிதான் கேட்டாள். “காலையில வெளியே வந்தா சாயங்காலம்தான் லாட்ஜுக்குப் போறாங்க. தண்ணி குடிச்சா அந்தப் பொம்பளைங்க எங்கங்க போவாங்க?”

கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. கொல்லைப்புறம் அம்மாவுக்காகக் கட்டிய கழிவறை ஒன்று உண்டு. மறுநாளிலிருந்து மனைவி பக்கத்துச் சந்துக் கதவைத் தாழ் போடாமல் விட்டாள். யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. கண்ணால் தேடுகிற பெண்களைப் பார்த்து அந்தப் பக்கம் கையைக் காட்டுவாள், அவ்வளவுதான். கேன் தண்ணீர் அந்த வாரத்திலிருந்து மதியத்துக்குள் தீர ஆரம்பித்தது.

12 ஜூன், மதியம் 2.15

‘இது உபசரணையா, சுகாதார வசதியா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, 42 டிகிரி வெயிலில் ஆறு மணி நேரம் அடக்கிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வாங்க. பேசலாம்.

14 ஜூன், இரவு 9.40

பெஞ்சு விஷயம். இது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

கடைக்குள்ளே ஃபேனுக்குக் கீழே ஒரு பெஞ்சு உண்டு. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்கு. 2019 மே மாதம். வங்காளத்து மால்தாவிலிருந்து வந்த ஒரு அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினொரு மணிக்கு வருவார். ஒரு தாள் நீட்டுவார். ஒரு காப்பி. இரண்டு ரூபாய். வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருவார். அரை மணி, முக்கால் மணி. பிறகு எழுந்து போவார். மறுநாளும் அப்படியே. நாலாவது நாள்தான் தாளைக் கவனித்தேன். அதே தாள். நாலு நாளும் அதே மருந்துச் சீட்டு.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு. ஃபேனுக்காகத்தான் வருகிறார். பாவம், அதற்காக ஒவ்வொரு நாளும் இரண்டு ரூபாய் செலவு செய்கிறார். ஐந்தாம் நாள் அவர் தாளை நீட்டியபோது, எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், “காப்பி வேண்டாம்மா, காசும் வேண்டாம், சும்மா உட்காருங்க” என்றேன். கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். சத்தமாகச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறதே.

அந்த அம்மா சிரித்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார். இரண்டு நிமிஷம் நின்றார். போய்விட்டார். மறுநாள் வரவில்லை.

15 ஜூன், காலை 8.05

திருத்தம். மனைவி சொல்கிறாள், நாலு நாள் இல்லை, ஆறு நாளாம். முதல் இரண்டு நாள் நான் மைத்துனன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன், கடையில் அவள்தான் இருந்தாள். ‘அதே தாள்’ என்பது அவளுக்கு இரண்டாம் நாளே தெரியுமாம்.

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“அந்தம்மா காசு குடுத்து உட்காந்துட்டிருந்தாங்க. அதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?”

அந்த இரண்டு ரூபாய் ஜெராக்ஸுக்கு இல்லை, பெஞ்சுக்கு வாடகை. அதைக் கொடுத்தவரை வாடிக்கையாளராக விட்டிருக்கலாம். நான் வாங்க மறுத்து, நாலு பேர் எதிரில் இரக்கத்துக்கு உரியவராக ஆக்கிவிட்டேன். பார்த்தது சரி. பார்த்துவிட்டேன் என்று காட்டிக்கொண்டதுதான் கெடுத்தது.

இன்னொரு திருத்தமும் உண்டு. அந்த அம்மா அப்புறம் இரண்டு முறை வந்தாராம். மதியம் நான் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து. மனைவி ஒரு காப்பி எடுத்துக்கொடுத்து இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டாளாம். நாலு வருஷமாக இதை என்னிடம் சொல்லவே இல்லை.

18 ஜூன், ஞாயிறு, மதியம் 1.30

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். பிரசங்கம் வேறு எதைப் பற்றியோ. எனக்கு மனசு திண்டிவனத்தில் இருந்தது.

சி.எம்.சி.யை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் 1870-இல் பிறந்தவர். மிஷனரிக் குடும்பத்தில் டாக்டராக அவர் ஒருபோதும் விரும்பியதில்லை, அமெரிக்காவிலேயே இருந்துவிட நினைத்தார் என்பதை இந்த ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்த சமயம், ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் வேறொரு ஜாதி இந்து. மூவர் வீட்டிலும் பிரசவத்தில் உயிருக்குப் போராடும் மனைவி. ‘எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள்’ என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் திரும்பிப் போகிறார்கள். விடிந்ததும் பறைச் சத்தம். விசாரித்தால் மூன்று பெண்களும் செத்துப் போயிருந்தார்கள்.

இந்தக் கதையை ஸ்தாபகர் நாள் பேச்சுகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எப்போதும் ‘அழைப்பு’ என்ற தலைப்பில்தான் சொல்வார்கள். பானைக் கதையை எழுதிய பிறகு எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. அவரும் தன்னிடம் இருந்ததைத்தான் நீட்டினார். நல்ல டாக்டர், நல்ல மனிதர், சொந்த அப்பா. வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது அது இல்லை. என்னை மாதிரி ‘கொடுத்தால் வாங்கத் தெரியவில்லை’ என்று அவர் கறுவியிருக்கலாம். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல அவருக்கு ஆயிரம் நியாயம் இருந்தது. அவர் திரும்பிப் போய்ப் படித்து, 1899-இல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரி என்ற சொல்லே லத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’ என்பதிலிருந்து கிளம்பி வந்ததுதான். விருந்தாளிக்கும் விருந்து வைப்பவருக்கும் அங்கே ஒரே சொல். இதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், பசிக்கிறது.

18 ஜூன், இரவு 11.00

‘மிஷனரி உபசரணை எல்லாம் மதம் மாற்றுவதற்குப் போட்ட தூண்டில்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவரோடு வரலாற்றுச் சண்டை போட நான் வரவில்லை. என் தூண்டிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடை திறந்த புதிதில் ஜெராக்ஸ் கட்டுக்குள் சுவிசேஷக் கைப்பிரதி ஒன்றைச் செருகிவிடுவேன். ஹிந்தியில் அச்சடித்தது. கேட்டுக் கொடுப்பதில்லை, சும்மா உள்ளே வைப்பேன். முர்ஷிதாபாத்திலிருந்து வந்த தாடி வைத்த பெரியவர் ஒருவர் மறுநாள் கடைக்கு வந்தார். அந்தக் கைப்பிரதி கசங்காமல் ஒரு உறைக்குள் இருந்தது. “தாதா (அண்ணா), உங்க காகிதம் ஒன்று தவறி என் கட்டில் வந்துவிட்டது. தேடுவீங்களே என்று கொண்டுவந்தேன்” என்றார். முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றோடு நிறுத்தினேன். யாராவது கேட்டால் சொல்வேன், கேட்டவர்களும் உண்டு.

20 ஜூன், இரவு 9.15

எத்தனை நாள் உபசரிப்பது என்று கேள்வி வந்திருக்கிறது. ஆதிச் சபைக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. ‘டிடாகே’ என்று ஒரு பழைய நூல், அப்போஸ்தலருடைய போதகம் என்று சொல்வார்கள். முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது பொதுவான கணிப்பு. அதில் சட்டமே இருக்கிறது. ஊர் ஊராகப் போகிற அப்போஸ்தலன் வந்தால் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி.

இதை நான் வாய்விட்டுப் படித்தபோது மைத்துனன் எங்கள் வீட்டில் பதினோராம் நாளாகத் தங்கியிருந்தான். அதற்கு மேல் எழுதினால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது.

விளையாட்டு ஒரு பக்கம். இப்படி ஒரு சட்டம் வந்திருக்கிறதென்றால், கதவைத் திறந்து வைத்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நானும் ஏமாந்தேன். 2014-இல் ஒருவர் ஃபைலோடு வந்து, பணமெல்லாம் தீர்ந்துவிட்டது, ஹௌரா போக டிக்கெட்டுக்குக் காசு வேண்டும் என்று அழுதார். 800 ரூபாய் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து அதே ஆள், அதே ஃபைல், அதே அழுகை. என்னை அவருக்கு ஞாபகம் இல்லை, அதுதான் வருத்தமாகப் போயிற்று.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் யார் அழுதாலும் ஃபைலின் தேதியைப் பார்க்கும் பழக்கம் வந்தது. உண்மையாக அழுதவர்கள் ஃபைலிலும் தேதி பார்த்திருப்பேன். யாராவது கவனித்திருப்பார்களா தெரியவில்லை.

25 ஜூன், ஞாயிறு, மாலை 4.20

வார்த்தை ஆராய்ச்சி கேட்டவருக்கு. எபிரெயர் 13:2-இலும் ரோமர் 12:13-இலும் கிரேக்கத்தில் இருப்பது ‘பிலோக்செனியா’. சகோதர அன்புக்கு ‘பிலதெல்பியா’ என்று சொல்வது மாதிரி, இது அந்நியர் மேல் வைக்கிற அன்பு. எபிரெயரில் இரண்டும் அடுத்தடுத்த வசனம். முதல் வசனம் சகோதர சிநேகம் நிலைத்திருக்கட்டும் என்கிறது. இரண்டாவதில்தான் மறவாதிருங்கள் என்று வருகிறது. அசனக்காரர் முதல் வசனத்தை ஜோராகச் செய்கிறார், நான் ஒத்துக்கொள்கிறேன். மறந்துபோவது எப்போதும் இரண்டாவதுதான்.

தமிழிலும் இது புதிதில்லை. விருந்து என்றால் பழைய அர்த்தம் புதுமை. புதிதாக வந்தவர்தான் விருந்து. வள்ளுவர் 43-ஆம் குறளில் ‘விருந்தொக்கல்’ என்று விருந்தையும் சுற்றத்தையும் இரண்டாகப் பிரித்து வைக்கிறார். நாம் ‘சொந்தக்காரங்களை விருந்துக்குக் கூப்பிடுகிறோம்’ என்கிறோம். வார்த்தை ஒக்கல் வீட்டுக்குக் குடி போய்விட்டது.

ஆபிரகாம் கதையையும் ஒருவர் இழுத்திருக்கிறார். ஆதியாகமம் 18. வெயில் நேரம், கூடார வாசல், மூன்று பேர் நிற்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அவர் பேசும் விதம். கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் அப்பம் என்று கூப்பிட்டுவிட்டு, உள்ளே மனைவி சாராளிடம் ஓடிப்போய் மூன்றுபடி மாவு, இளங்கன்று, வெண்ணெய், பால் என்று ஏற்பாடு. அந்த எபிரெயப் படி நம்ம ஊர்ப் படி இல்லை. மூன்று என்றால் ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளளவு மாவு. மூன்று பேருக்கு!

மனைவியிடம் இதை ரசித்துச் சொன்னேன். கையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “பேர் அவருக்கு, இருபது லிட்டர் மாவு பிசைஞ்சது சாராள்” என்றாள்.

பேச்சு முடிந்தது. 1 பேதுரு 4:9-இல் ‘முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்’ என்று இருக்கிறது. முறுமுறுப்பு இருந்திருக்கிறது, அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று. ஆனால் பேதுரு அதை மாவு பிசைந்தவர்களிடம் சொன்னாரா, கூப்பிட்டவர்களிடம் சொன்னாரா? எங்கள் வீட்டுக் கொல்லைக் கழிவறையைத் தினமும் கழுவுகிறவர் யார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. நாள் ஒன்றுக்கு இரண்டு தடவை, அவள்தான்.

(இதைப் பதிவிட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை என் முறை என்று முடிவாகியிருக்கிறது.)

2 ஜூலை, ஞாயிறு, இரவு 10.50

கழிவறை கழுவிவிட்டுத்தான் ஆராதனைக்குப் போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ‘முதல் தடவையாக வந்திருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.’ எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், கை தட்டுவார்கள். ஆஸ்பத்திரி ஊர் என்பதால் வாரம் நாலைந்து பேராவது எழுவார்கள். இன்று எழுந்ததில் ஒருவர் மொட்டைத் தலையை முக்காட்டால் மூடியிருந்த இளம்பெண். கீமோவாக இருக்கலாம். எழும்போது முக்காடு நழுவியது. கை தட்டிக்கொண்டிருந்தோம்.

வரவேற்பது எங்களுக்கு. நிற்பது அவளுக்கு. ஆயரிடம் பேச வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மிசோரம்காரர்களைப் பற்றிச் சொல்வதாக முன்பே நினைத்தேன். 2018-இல் என் அம்மா இறந்தார். வீட்டில்தான் வைத்திருந்தோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பதினொன்றரை வாக்கில் எதிர் லாட்ஜிலிருந்து மூன்று மிசோ இளைஞர்கள் வந்தார்கள். ஒருவனுடைய அப்பாவுக்கு வைத்தியம், மற்ற இருவர் துணைக்கு வந்தவர்கள். கடையில் முகம் பார்த்த பழக்கம், அவ்வளவுதான். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. வாசல் திண்ணையில் உட்கார்ந்தார்கள். நான் அவர்களுக்கு காபி கொடுக்க எழுந்தேன். ஒருவன் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

பிறகு மெதுவாகப் பாட ஆரம்பித்தார்கள். மூன்று குரல், மூன்றும் வேறு வேறு சுருதியில் சேர்ந்து. மொழி புரியவில்லை, ஒரு பாட்டின் ராகம் மட்டும் தெரிந்தது, நம் கீர்த்தனைப் புத்தகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆங்கில ராகம். விடியும் வரை இருந்தார்கள். சாவு வீட்டில் ராத்திரி உட்கார்ந்து பாடுவது அவர்கள் ஊரில் வழக்கம் என்று பிற்பாடு சொன்னார்கள். சாவு நடந்த வீட்டுக்காரன் யார், எந்த ஊர் என்று பார்ப்பதில்லையாம்.

அவர்கள் பாஷையில் இதற்கு ஒரு வார்த்தை உண்டு, ‘த்லோம்ஙைனா’. கேட்பதற்கு முன்னால் செய்வது, செய்ததைச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பது, தனக்குக் கஷ்டமானாலும் செய்வது எல்லாம் சேர்ந்த ஒன்று என்று விளக்கினான் ஒருவன். அவர்கள் சபைகளில் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பார்கள், 1910-லிருந்து நடக்கிறது. நம் பக்கமும் பிடியரிசிக் காணிக்கை இருந்தது. பாட்டி வைத்திருந்த கலயம் ஞாபகம் இருக்கிறது. கலயம் எங்கே போனது என்று ஞாபகம் இல்லை.

அந்த ராத்திரி என் ஊரில், என் வீட்டு வாசலில், நான்தான் உபசரிக்கப்பட்டவன்.

3 ஜூலை, காலை 6.30

தூக்கம் வரவில்லை. அந்த மூன்று பேரும் தங்கியிருந்த லாட்ஜ் எதிரில்தான். ஒன்றரை மாதம் இருந்தார்கள். ஒருவனுடைய அப்பா பிழைத்தாரா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. ஒருநாள் பார்த்தால் அறை காலி.

9 ஜூலை, ஞாயிறு, இரவு 8.00

சமாரியன் கதையை வைத்து ‘நம்மால் முடியுமா அந்த அளவுக்கு’ என்று ஒருவர் பெருமூச்சு விட்டிருக்கிறார். லூக்கா 10-ஐ மறுபடி வாசியுங்கள். கள்ளர்கள் அடித்து வழியில் போட்டுவிட்டுப் போன ஆளைச் சமாரியன் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. சத்திரத்தில் சேர்த்தான். ஒரு ராத்திரி கூட இருந்தான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கக் கிளம்பினான். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. திரும்பி வரும்போது பாக்கியைத் தருகிறேன் என்றான். கணக்குத் தெரிந்த ஆள். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

பிரசங்கத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஆள் சத்திரக்காரன். காயம்பட்ட ஆளுக்குப் பத்தியக் கஞ்சி, துணி மாற்றுவது எல்லாம் அவன் தலையில். கடனுக்கும் ஒத்துக்கொள்கிறான். எங்கள் தெருவில் லாட்ஜ் வைத்திருப்பவர்களில் கிறிஸ்தவர்கள் குறைவு. ஒரு பாய், வாடகை பாக்கி வைத்தவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு ‘வந்தா வருது’ என்பார். ஒரு நாயுடு, நோயாளி இறந்துவிட்டால் கடைசி வார வாடகை வாங்கமாட்டார். வாங்காததை எங்கேயும் சொல்லவும் மாட்டார், எனக்கே ரூம்பாய் சொல்லித்தான் தெரியும். முரட்டு ஆட்களும் இருக்கிறார்கள், இல்லாமல் என்ன.

11 ஜூலை, மதியம் 3.10

அசனக்காரர் மறுபடி வந்திருக்கிறார். ‘எங்கள் ஊரில் அந்நியரே வருவதில்லை, நாங்கள் எங்கே போய்த் தேடுவது?’ என்கிறார். நல்ல கேள்விதான். ஆனால் ஐயா, உங்கள் மாவட்டத்தில் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் இப்போது யார் வருகிறார்கள்? உங்கள் அசனப் பந்தலுக்கு நாற்காலி இறக்கிய பையனுக்கு எந்த ஊர்? அவன் எந்தப் பந்தியில் சாப்பிட்டான்?

கோபமாக எழுதிவிட்டேனோ. எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகைக்குப் பந்தல் போட்டவர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்று எனக்கும் தெரியாது.

23 ஜூலை, ஞாயிறு, இரவு 9.30

ஆயரிடம் பேசினேன். ‘எழுந்து நிற்கச் சொல்வதை நிறுத்தினால் புதியவர்களைக் கவனிக்கவில்லை என்று கமிட்டி கேட்கும்’ என்றார். அவர் நிலையும் எனக்குப் புரிகிறது. இன்று ‘விரும்பினால் எழுந்து நிற்கலாம்’ என்று சொன்னார். யாரும் எழவில்லை. கமிட்டியில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள்.

பெஞ்சைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அதை வெளியே தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு பழைய ஃபேனும் மாட்டியாயிற்று. கடைக்குள் வராமலே உட்காரலாம். யாரும் எதுவும் வாங்க வேண்டியதில்லை, நானும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று மனைவிக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று. 26 வருஷமாக வங்காளத்து ஆட்கள் யார் வந்தாலும் ‘போஷோ, போஷோ’ என்று உட்காரச் சொல்வேன். எனக்குத் தெரிந்த நாலு வங்காள வார்த்தையில் அது ஒன்று. நேற்று சிலிகுரியிலிருந்து வந்த கல்லூரிப் பெண், பாட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், தயங்கித் தயங்கிச் சொன்னாள். ‘போஷோ’ என்றால் ‘உட்காரு’ மாதிரியாம். பெரியவர்களிடம் ‘போஷுன்’ என்று சொல்ல வேண்டுமாம்.

அப்படியென்றால் எத்தனை ஆயிரம் பாட்டிமார்களை நான் ‘உட்காரு’ என்றிருக்கிறேன்! ஒருவர்கூட முகம் கோணவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

பாட்டி எங்களைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். பையிலிருந்து பொரி மடித்த காகிதத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். கடுகு எண்ணெய் வாசனை எனக்கு ஆகாது. தின்றேன்.